ஒட்டியதை உரிக்கும் கூலி

காரின் கதவில் ஒரு பட்டையை ஒட்டித் தருபவருக்குக் கேட்ட பணத்தை எடுத்துக் கொடுக்கும் நம்மவர்கள், அதே பட்டையைப் பழுதில்லாமல் எடுத்துத் தருபவரிடம் மட்டும் "இதற்கெல்லாமா காசு?" என்று கேட்பது எமக்கு நெடுநாளாகவே விளங்காத ஒன்று. ஒட்டுவது எளிது. பரப்பைத் துடைத்து, நேர்க்கோடு பார்த்து, காகிதத்தை உரித்து அழுத்தினால் முடிந்தது. எடுப்பது அப்படியல்ல. சூடு காட்ட வேண்டும், காத்திருக்க வேண்டும், நூல் நூலாக அறுக்க வேண்டும், மிச்சப் பசையை விரலால் உருட்ட வேண்டும். நான்கு கதவுகளையும் ஒழுங்காக முடிக்க அரைநாள் பிடிக்கும். அரைநாள் வேலைக்குக் கால்மணிக் கூலி என்று தீர்மானித்துவிட்ட பிறகு, பட்டறைப் பையன் பிளேடை எடுக்காமல் வேறென்ன செய்வான்? வண்ணம் பெயர்ந்தால் திட்டு வாங்குபவனும் அவனே.

பெயரை முதலில் தீர்த்துக்கொள்வோம். 'மகிழுந்தின் பக்கவாட்டுக் காப்புப் பட்டை' என்று எழுத எமக்கும் ஆசைதான். ஆனால் சேலத்தில் எந்தப் பட்டறையில் அப்படிச் சொன்னாலும் வேலை நடக்காது. அங்கே அது 'சைடு பீடிங்'. வாகன நிறுத்தத்தில் பக்கத்து வண்டிக்காரர் தம் கதவைத் திறக்கும்போது நம் கதவு நசுங்காமல் அடியை வாங்கிக்கொள்வதற்காகப் பிறந்தது. பழைய கார்களில் உலோகப் பட்டையைக் கதவுத் தகட்டில் துளையிட்டுக் கிளிப் வைத்துப் பொருத்தினார்கள். அந்தத் துளைகளைச் சுற்றித்தான் துரு முதலில் தன் கணக்கைத் தொடங்கும். பின்னர் பஞ்சுபோன்ற அக்ரிலிக் நுரையின் இருபுறமும் பசை பூசிய ஒட்டுநாடா வந்தது. 3எம் நிறுவனம் 1980இல் இவ்வகை நாடாவைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. துளை வேண்டாம், துருவும் வேண்டாம் என்று எல்லோரும் மகிழ்ந்தார்கள். எடுக்கும் நாள் ஒன்று வரும் என்பதை அப்போது யார் நினைத்தார்கள்?

அந்த நாள் பல வழிகளில் வருகிறது. பட்டை வெளுத்துப் போகும். ஒரு முனை பிரிந்து காற்றில் ஆடும். கதவின் நெளிவை டிங்கர் எடுக்க வேண்டுமென்றால் பட்டை முதலில் வெளியே வந்தாக வேண்டும். ஏற்காட்டின் மேலேயே வாழும் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. மூடுபனியின் ஈரம் பட்டையின் மேல்விளிம்பில் தங்கி, அங்கே சேரும் மண்ணில் பச்சையாகப் பாசி படரும். கழுவினாலும் அந்த இடுக்குக்குள் துணி போகாது. மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் எதிர்வரும் பேருந்துக்கு ஒதுங்கி, தடுப்புச் சுவரில் உரசிப் பட்டையைப் பாதியில் இழந்துவிட்டு இறங்கும் சுற்றுலா வண்டிகளுக்கும் குறைவில்லை. அதிலும் மே மாதத்துக் கோடை விழா நாட்களில் சொல்லவே வேண்டாம்.

இங்கேதான் அடிவாரம் வருகிறது. அடிவாரம் என்பது எந்த மலைக்கும் பொதுவான சொல். ஆனால் சேலத்துக்காரருக்கு அது ஓர் ஊரின் பெயரைப் போல. சோதனைச் சாவடியும் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குத் திரும்பும் பகுதியுமாக, சேர்வராயன் மலைப்பாதை தொடங்கும் இடத்துக்கு வேறு அடைமொழி தேவையில்லை. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்ற பொதுக்கணக்கின்படி பார்த்தால், ஒரே நேரத்தில் மேலும் கீழும் எட்டு டிகிரி வேறுபாடு. பட்டையைப் பிடுங்கும் விஷயத்தில் இந்த எட்டு டிகிரி சிறியது அன்று. மேலே மார்கழிக் காலையில் பனிக்குள் நிற்கும் கதவுக்கும், கீழே சித்திரை வெயிலில் கைவைக்க முடியாமல் கொதிக்கும் கதவுக்கும் இடையில் ஐம்பது டிகிரியே இருக்கலாம். சேலத்துக் கோடையில் நிழலின் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும்போது, வெயிலில் விட்ட கருநிறக் காரின் தகடு அறுபதைத் தாண்டும்.

இது ஏன் முக்கியம்? பசையின் குணத்தை விளக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கடலை மிட்டாய்க்குப் பாகு காய்ச்சியவர்கள் அதை அறிவார்கள். சூடாக இருக்கையில் பாகு நூலாக நீளும். ஆறிய பிறகு தட்டினால் கண்ணாடிபோல் உடையும். பட்டைக்குப் பின்னால் இருக்கும் பசையும் அத்தகையதே. முழுக்கத் திடமும் இல்லை, முழுக்கத் திரவமும் இல்லை. சூட்டில் இளகி நீளும், குளிரில் விறைக்கும். அதைவிட நுட்பமான செய்தி ஒன்று உண்டு: வேகமாக இழுத்தால் அது குளிர்ந்ததைப் போலவே நடந்துகொள்ளும், மெதுவாக இழுத்தால் சூடானதைப் போல இணங்கிப் போகும். ஆகவே குளிர்ந்த காலையில் ஒரே இழுப்பாக இழுப்பவர், பசையின் பலத்தை இரண்டு வழிகளிலும் உச்சத்துக்குக் கொண்டுபோய்விட்டு அதனோடு மல்லுக்கட்டுகிறார். அப்போது எது பலவீனமோ அது விடும். பெரும்பாலும் அது வண்ணமாகவே இருக்கிறது.

வண்ணம் எவ்வளவு தடிமன் என்று நினைக்கிறீர்கள்? தொழிற்சாலையில் பூசப்பட்ட எல்லா அடுக்குகளும் சேர்ந்து நூறிலிருந்து நூற்றைம்பது மைக்ரான். இரண்டு தலைமுடிகளை அடுக்கிய அளவு என்று வைத்துக்கொள்ளலாம். துருவைத் தடுக்கும் அடிப்பூச்சு, அதன்மேல் பிரைமர், அதன்மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே பளபளப்பைத் தரும் கிளியர் கோட். இந்தக் கடைசி அடுக்கு நாற்பது, ஐம்பது மைக்ரான்தான். பிளேடின் முனை அந்த ஆழத்தில் நின்றுவிடும் என்று நம்புவதற்கு நிரம்ப இறைநம்பிக்கை வேண்டும்.

ஒரு செய்தி இவ்விடத்தில் நினைவுக்கு வருகிறது. மறைப்பு நாடா என்ற பொருளே கார் வண்ணம் பெயர்ந்த கோபத்திலிருந்து பிறந்தது. 1920களில் அமெரிக்காவில் இருநிறக் கார்களுக்கு மோகம். ஒரு நிறத்தை மறைத்துவிட்டு மற்றதைப் பூச, தாளைப் பசைபோட்டு ஒட்டுவார்கள். தாளை உரிக்கையில் கீழே இருந்த புதுவண்ணமும் கூடவே வந்துவிடும். நம்மூரில் உப்புத்தாள் என்கிறோமே, அதைச் சோதித்துப் பார்ப்பதற்காகப் பட்டறைக்குச் சென்ற 3எம் நிறுவன ஊழியர் ரிச்சர்ட் டுரூ, வண்ணக்காரர்களின் வசவைக் கேட்டுவிட்டு வந்து, வண்ணத்தைப் பெயர்க்காமல் உரியும் மறைப்பு நாடாவை 1925இல் உருவாக்கினார். உரிப்பது எப்படி என்ற கேள்வியே அங்கு முதலில் எழுந்தது. ஒட்டுவது அதற்குப் பிறகு வந்தது. நம் கடைகளில் இது தலைகீழாகிவிட்டது.

இனி, செய்முறை. இதை நன்கறிந்த மூத்த பணியாளர்கள் சேலத்திலும் பிற ஊர்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல எம்மிடம் எதுவும் இல்லை. வண்டியைக் கொடுப்பவர் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதற்காகவே எழுதுகிறோம்.

முதலில் கழுவ வேண்டும். மண்துகள் பட்டையின் ஓரத்தில் இருக்கும்போது நூலை இழுத்தால் அந்த நூலே உப்புத்தாளாகிவிடும். பிறகு அந்தக் கதவு ஏற்கெனவே மறுவண்ணம் கண்டதா என்று பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிய கேள்வி இதுவே, ஆனால் யாரும் கேட்பதில்லை. தொழிற்சாலையில் வண்ணத்தை ஏறத்தாழ 140 டிகிரி சூட்டில் சுட்டெடுக்கிறார்கள். அறுபது, எழுபது டிகிரி அதற்கு ஒரு பொருட்டே அன்று. பட்டறையில் பூசியதோ அறுபது டிகிரி அறையில் காய்ந்திருக்கலாம், அல்லது வேப்பமரத்தடியில் காற்றிலேயே காய்ந்திருக்கலாம். கீழே பட்டி வைத்திருந்தால் அதன் பிடிப்பு எப்படியோ. ரப்பர் விளிம்புகளில் வண்ணத் தூறல், பக்கத்துக் கதவோடு ஒப்பிட்டால் தெரியும் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு, காந்தம் ஒட்டத் தயங்கும் இடம் ஆகியவை அடையாளங்கள். அத்தகைய கதவில் வண்ணம் வராது என்று எவரும் உறுதி தர முடியாது. அதை வேலைக்கு முன்பே சொல்லிவிடும் பணியாளரே நேர்மையானவர். அவரை விட்டுவிட்டு "ஒன்றும் ஆகாது சார்" என்பவரிடம் போகும் வழக்கத்தை நாம் கைவிடலாம்.

அடுத்து சூடு. நடுப்பகல் வெயிலில் ஒரு மணி நேரம் வண்டியை நிறுத்தினால் பாதி வேலை முடிந்தது. அடிவாரத்தில் சூரியன் இதற்குக் கூலி கேட்பதில்லை. மீதிக்கு முடி உலர்த்தும் கருவியே போதும். பட்டறையில் இருக்கும் ஹீட் கன் ஐந்நூறு டிகிரிக்கு மேலும் காற்றை வீசக்கூடியது. அதை ஓரிடத்தில் நிறுத்தினால் வண்ணம் கொப்பளிக்கும். கையை வைத்தால் சற்றுப் பொறுக்க முடிகிற, ஆனால் நீண்ட நேரம் வைக்க முடியாத சூடு, அதுவே அளவு. பின்னர் தூண்டிலில் கட்டும் நைலான் நரம்பு, மேட்டூர்ப் பக்கத்தில் தங்கூசி என்பார்களே அது, இரண்டு முழம். பட்டைக்குப் பின்னே நுழைத்து, இரு கைகளிலும் சுற்றிக்கொண்டு, முன்னும் பின்னுமாக அறுக்க வேண்டும். நரம்பு நுரையின் நடுவில் ஓட வேண்டும், தகட்டை உரசக் கூடாது. பட்டையைத் தன் பக்கமாக நிமிர்த்தி இழுக்கவும் கூடாது. அது தானாக விழும்வரை அறுப்பதே முறை. முனைகளில் சில பட்டைகளுக்குச் சிறு முளைகள் கதவுத் துளைக்குள் செருகியிருக்கும், அங்கே மட்டும் நின்று பார்க்க வேண்டும். காலாவதியான ஏடிஎம் அட்டை ஒன்று நல்ல ஆப்பாகும். திருப்புளி ஆகாது.

பட்டை போன பிறகு கதவில் கருப்பு நுரை வரிசையாக ஒட்டிக்கொண்டிருக்கும். பொறுமை சோதிக்கப்படும் இடம் இது. பிளேடு வெளியே வருவதும் இங்கேதான். மீண்டும் சூடு காட்டி, கட்டைவிரலால் தள்ளி உருட்டினால் நுரை தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு உருண்டையாக வரும். விரல் வலிக்கும், நகம் தேயும். பொறிகையில் மாட்டும் ரப்பர்ச் சக்கரமும் உண்டு. குறைந்த வேகத்தில், நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருந்தால் நன்று, இல்லையேல் அதுவே வண்ணத்தைச் சுட்டுவிடும். மிஞ்சும் பிசுபிசுப்புக்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியைச் சிறிது நேரம் வைத்து ஊறவிடலாம்; அவசரமில்லாதவர்களுக்குத் தேங்காய் எண்ணெய்கூடப் போதும். தின்னர் வேண்டாம். தொழிற்சாலை வண்ணம் ஒருவேளை அதைத் தாங்கும், மறுவண்ணம் கரைந்து துணியோடு வரும்.

புத்தகக் கடைகளில் அட்டையின் முகத்திலேயே விலைச் சீட்டை ஒட்டுகிறார்களே, அதை உரித்துப் பார்த்த வாசகருக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அங்கே கிழிவது எழுத்தாளரின் நெற்றி, இங்கே கதவு.

இவ்வளவு நேரம் செலவிட முடியுமா, அவசரத்தில் எப்படி என்று கேட்பவர்களுக்கு 2012ஆம் ஆண்டு நல்ல பாடம். அவிஷேக் கோயங்கா தொடுத்த வழக்கில் அவ்வாண்டு ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம், கார்க் கண்ணாடிகளின் மேல் கருப்புத் தாள் ஒட்டக்கூடாது என்றது. முன், பின் கண்ணாடிகள் 70 விழுக்காடு, பக்கக் கண்ணாடிகள் 50 விழுக்காடு ஒளியை உள்ளே விட வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. மே 4 முதல் நடைமுறை. ஒரு வாரம்! நாடு முழுவதும், தமிழகத்திலும், சாலையோரங்களில் கண்ணாடித் தாளைக் கிழிக்கும் காட்சி தொடங்கியது. தீர்ப்பின் நியாயத்தை இங்கே பேசவில்லை. ஆனால் பின்கண்ணாடியில் பனியை உருக்கும் மெல்லிய மின்கம்பிக் கோடுகள் கொண்ட வண்டிகளில், சூடு காட்டாமல் பிளேடால் சுரண்டினால் தாளோடு அந்தக் கோடுகளும் போய்விடும். சென்னையில் அதை இழந்தவருக்கு அது வெறும் கோடு. ஏற்காட்டு வளைவில், டிசம்பர் இரவில், பின்னால் எதுவும் தெரியாமல் வண்டியைப் பின்னுக்கு எடுப்பவரிடம் கேட்க வேண்டும் அதன் விலையை. ஒட்டும்போது யாரும் எதிர்பார்க்காத உரிப்பு, ஒரு வாரக் கெடுவில் வந்தது. இப்படித்தான் வரும்.

பொறுமையாக உரித்ததற்கும் நம்மிடமே சான்று இருக்கிறது, அதுவும் உலகத் தரத்தில். தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றிய உள்சுற்றில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலடுக்கு உதிர்ந்த இடங்களில் கீழடுக்கு எட்டிப் பார்த்தது. சுரண்டிவிட்டால் சோழர் கிடைப்பார்கள், நாயக்கர் போவார்கள். விட்டுவிட்டால் நாயக்கர் இருப்பார்கள், சோழர் தெரியமாட்டார்கள். தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் பின்னாளில் மூன்றாவது வழியைக் கண்டார்கள். மேலடுக்கைப் பகுதி பகுதியாகப் பெயர்த்தெடுத்து இழைக்கண்ணாடிப் பலகைகளில் பொருத்தினார்கள். கீழே ஆயிரமாண்டு வண்ணம் வெளிப்பட்டது. இரண்டும் பிழைத்தன. கார்க் கதவைச் சோழர் சுவரோடு ஒப்பிடுவது மிகை என்பீர்கள். பொருளின் மதிப்பை நாம் ஒப்பிடவில்லை, வேலையின் குணத்தையே ஒப்பிடுகிறோம். இரண்டு அடுக்குகளுக்கு நடுவே, இரண்டையும் புண்படுத்தாமல் கையை நுழைப்பது எங்கும் ஒரே தொழில்தான். அங்கே அதற்கு வேதியியலாளர் என்று மரியாதை. இங்கே "டேய் தம்பி, அதைப் பிடுங்கி எறி."

வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவரின் நிலையை எண்ணிப் பாருங்கள். வண்டிக் கடன் முடியும் தறுவாயில் விற்க நினைக்கிறார். பிரிந்து தொங்கும் பட்டையை எடுத்துவிட்டால் வண்டி பார்வையாக இருக்கும் என்று கொடுக்கிறார். இரண்டு கதவுகளில் கீறல். மறுவண்ணம் அடித்தால், வாங்க வருபவரின் கண் முதலில் அங்கேதான் போகும்: "இது அடிபட்ட வண்டியா?" இல்லை என்று அவர் என்ன சொன்னாலும் விலை இறங்கியது இறங்கியதுதான். பட்டறைக்காரர் நட்டம் தரமாட்டார். பையனின் வாரக் கூலியில் பிடிப்பார். ஒரு பிளேடு, மூன்று பேர் வயிறு.

ஆகவே எமது கருத்து வெளிப்படையானது: உரிக்கும் வேலைக்கு மணிக்கணக்கில் கூலி பேச வேண்டும், உருப்படிக் கணக்கில் அன்று. உருப்படிக் கணக்கு வேகத்தை வாங்குகிறது; இந்த வேலையில் வேகம்தான் வண்ணத்தைத் தின்கிறது. கூடவே, புது வண்டி வாங்கும்போது 'அக்சசரீஸ்' என்ற பெயரில் கேட்காமலே பட்டையை ஒட்டித் தரும் விற்பனையாளர்களிடம் வேண்டாம் என்று சொல்லும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. அதைச் சொல்லப் பழகலாம். பட்டை விற்கும் நிறுவனங்கள் ஒட்டும் முறையைப் படம்போட்டு அச்சிடுகின்றன. எடுக்கும் முறையையும் அதே தாளின் மறுபக்கத்தில், தமிழில், நான்கு வரிகளில் போட்டால் என்ன குறைந்துவிடும்?

எல்லாம் சரியாக நடந்த பிறகும் ஒரு கோடு மிஞ்சும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பட்டைக்கு அடியில் வெயில் படாததால் அங்கே வண்ணம் வாங்கிய நாளின் நிறத்திலேயே இருக்கும், சுற்றிலும் வெளுத்திருக்கும். சிவப்பு வண்டிகளில் இது நன்றாகவே தெரியும். பாலிஷ் போட்டுத் தேய்த்தால் சுற்றிலும் உள்ளது ஓரளவு மீளும், கோடு மங்கும், முழுதும் மறையாது. அதற்காகக் கதவு முழுவதையும் மறுவண்ணம் பூசச் சொல்பவரின் பேச்சைக் கேட்காதிருப்பது நலம். அந்தக் கோடு பழுதன்று, கதவின் மூல வண்ணம் இன்னும் அங்கே இருக்கிறது என்பதற்குச் சான்று. விவரமறிந்து வாங்குபவர் அதைப் பார்த்து மகிழவே செய்வார்.

கோட்டைச் சகிக்க முடியாதவர்கள் அதே இடத்தில் புதுப் பட்டையை ஒட்டிக்கொள்ளலாம். அப்போதும் இடம் பார்க்க வேண்டும். இவ்வகை நாடாக்களைப் பத்து டிகிரிக்குக் கீழே ஒட்டக்கூடாது, இருபதுக்கு மேல் இருந்தால் நல்லது. முழுப்பிடிப்பு வர மூன்று நாட்கள் ஆகும், அதுவரை தண்ணீர் பீய்ச்சிக் கழுவக்கூடாது. தை மாதக் காலையில் ஏற்காட்டில் வேலையைத் தொடங்குவதைவிட, இருபது வளைவுகளும் இறங்கி அடிவாரத்துக்கு வந்துவிடுவது மேல்.